ஐரோப்பாப் பயணம்: சாப்பாட்டுக்கு முன்னால் தொழுகை நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுற்றுலாப் பக்கங்களில், சில நாட்களில் ஐரோப்பாவைச் சுற்றிவருவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். விசா, செலவு, குளிருக்கான உடை எல்லாம் விவரமாக இருந்தன. முஸ்லிம் வாசகர்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு வரி, பெரிய நகரங்களில் ஹலால் உணவு கிடைக்கும் என்று. அது சரிதான். ஆனால் எங்கள் பயணத்தைத் தீர்மானிப்பது சாப்பாடு அல்ல, நேரம். அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம் என்பதால்தான் இந்தக் கடிதம்.

விடியலில் ஃபஜ்ர், நண்பகல் கடந்ததும் லுஹர், பிற்பகலில் அஸர், சூரியன் மறைந்ததும் மஃரிப், இரவில் இஷா என்று ஐந்து வேளைத் தொழுகைக்கும் சூரியன்தான் கணக்கு. நம் ஊரில் வருடம் முழுக்க அந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. ஐரோப்பாவின் வடக்கே போகப் போக அது தலைகீழாகிவிடும். ஜூன் கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் சூரியன் மறையவே இரவு 10 மணி தாண்டும். இஷா நள்ளிரவுக்கு மேல். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஃபஜ்ர். அந்த வாரங்களில் அங்கே வானம் முழுதாக இருட்டுவதே இல்லை. பள்ளிவாசல்கள் தனியாகக் கணக்கிட்டு அட்டவணை போடுகின்றன, அதிலும் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் உண்டு. டிசம்பரில் போனால் இதற்கு நேரெதிர். லுஹருக்கும் மஃரிபுக்கும் நடுவே 4 மணி நேரம்கூட இருக்காது, அதற்குள் அஸரும் வந்து போய்விடும். பகல் 1 மணிக்கு ஒரு மியூசியத்துக்குள் நுழைந்து 5 மணிக்கு வெளியே வந்தால் என்ன மிஞ்சும்?

அதனால் ஊரையும் மாதத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். என் தேர்வு தெற்கு ஸ்பெயின்: கிரனாடாவும் கோர்தோபாவும், அக்டோபரிலோ மார்ச்சிலோ. கர்னாத்தா, குர்துபா என்று அரபுப் பெயரில் மதரஸாவில் கேட்ட அதே ஊர்கள்தான். அக்டோபர் நடுவில் கிரனாடாவில் ஃபஜ்ர் ஏறக்குறைய காலை 7 மணிக்கு, லுஹர் பகல் 2 மணிக்கு, மஃரிப் இரவு ஏழரைக்கு மேல். ஸ்பெயின்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதே 2 மணிக்குத்தான். தொழுதுவிட்டுச் சாப்பிடப் போனால் கடை அப்போதுதான் களைகட்டியிருக்கும்.

குறுகிய பயணத்துக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகைகளைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. பயணி 4 ரக்அத் (நின்று, குனிந்து, சிரம்பணியும் ஒரு சுற்று) தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் போக, முழுதாக 4 நாள் தங்கும் எண்ணம் இல்லாதவரை ஷாஃபி மத்ஹபில், அதாவது அந்த மார்க்கச் சட்ட மரபில், கஸ்ர் என்கிற இந்தச் சுருக்கம் உண்டு. ஹனஃபி மத்ஹபில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் போதும். லுஹரை அஸரோடும் மஃரிபை இஷாவோடும் சேர்த்துத் தொழ ஷாஃபியில் இடமுண்டு, ஹனஃபியில் இல்லை. ஷாஃபியான எங்கள் கடற்கரை ஊர்க்காரர்களும் ஹனஃபியான மதுரைப் பக்கத்து ராவுத்தர் குடும்பமும் ஒன்றாகக் கிளம்பினால் இதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது. தொழும்போது முகம் நோக்கும் மக்கா திசையான கிப்லாவும் நினைவில் இருக்கட்டும். நமக்கு மேற்கே இருப்பது அங்கே கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து இருக்கும்.

பல நாடு ஒரே டூர் என்கிற பஸ் பயணங்கள் எங்களுக்கு ஒத்துவராததும் இதனால்தான். நாங்கள் விசாரித்த ஓர் ஏஜென்ட், தொழுகைக்கு வண்டி நிறுத்த முடியாது, இரவு ரூமுக்கு வந்து மொத்தமாகத் தொழுதுகொள்ளுங்கள் என்றார். என் மாமியார் அங்கேயே எழுந்துவிட்டார். அப்புறம் நாங்களே திட்டம் போட்டோம்.

அந்தத் திட்டத்துக்கு அச்சாணி கிரனாடாவின் கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவின் அனுமதிச் சீட்டு. அதனுள் இருக்கும், முஸ்லிம் அரசர்களான நஸ்ரீக்களின் அரண்மனைக்குள் நுழையச் சீட்டிலேயே மணி குறித்திருப்பார்கள். அதைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டுகள் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும், பாஸ்போர்ட்டையும் சரிபார்ப்பார்கள். ஆகவே முதலில் தொழுகை நேரத்தைப் பார்த்து, அதற்கு இடிக்காத நேரத்துக்குச் சீட்டு எடுத்து, பிறகுதான் மற்ற முன்பதிவுகள்.

அந்தச் சுவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "வலா காலிப இல்லல்லாஹ்", அல்லாஹ்வைத் தவிர வெல்பவன் இல்லை என்ற நஸ்ரீ அரசர்களின் வாசகம் திரும்பிய பக்கமெல்லாம் செதுக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத என் மாமியார், குர்ஆன் ஓதக் கற்ற அரபு எழுத்தை வைத்து அதை ஒவ்வொரு தூணாகப் படித்துக்கொண்டே நடந்தார். ஒலி வழிகாட்டிக் கருவி வாங்கி மாட்டியிருந்த எங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை, நாங்கள் அவர் பின்னால் போனோம். 1492 ஜனவரி 2 அன்று முஸ்லிம்கள் ஆண்ட கிரனாடா கிறிஸ்தவ அரசர்களிடம் வீழ்ந்தது. அதன் பிறகு 500 ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிவாசல் என்று கட்டப்படாதிருந்த அந்த ஊரில் 2003இல் அல்பைசின் குன்றின் மேல் ஒன்று திறந்திருக்கிறார்கள். சான் நிக்கோலாஸ் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் தோட்டத்திலிருந்து பார்த்தால் எதிர்க்குன்றில் அல்ஹம்ப்ரா முழுசாகத் தெரியும். நாட்களை ஒரு வெள்ளிக்கிழமை அங்கே வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

கோர்தோபா ரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே போகிறவர்கள் மனதைத் தயார்செய்துகொண்டு போக வேண்டும். முஸ்லிம் ஆட்சியாளர் முதலாம் அப்துர் ரஹ்மான் 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பெரிய பள்ளி அது. 1236இல் தேவாலயமாக்கப்பட்டது, 16ஆம் நூற்றாண்டில் நடுவிலேயே கதீட்ரல் எழுப்பினார்கள். இன்றும் அது கத்தோலிக்க வழிபாட்டுத் தலம். முஸ்லிம்கள் அங்கே தொழ அனுமதி இல்லை, காவலர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். 2010இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த குழுவில் சிலர் தொழ முயன்று, தகராறாகி, இருவர் கைதானார்கள். கலீஃபா இரண்டாம் ஹகம் கட்டிய, கிப்லாவைக் காட்டும் சுவர்மாடமான அந்த மிஹ்ராபின் முன்னால், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றபோது எனக்கும் நெஞ்சு அடைத்தது. இருந்தாலும் போகத்தான் வேண்டும் என்பேன். அந்தச் சிவப்பு வெள்ளை வளைவுகளைக் கட்டியவர்களின் கைத்திறன் யார் கையில் சாவி இருந்தாலும் குறைவதில்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் வீட்டுக்காரர் விதியை மீறுவது நமக்கு அழகும் அல்ல. உள்ளே நுழையும் முன் லுஹர், அஸரை முடித்துவிட்டுப் போங்கள். மனம் அலைபாயாமல் பார்க்கலாம்.

சரி, சாப்பாடு. கிரனாடாவில் கல்தெரேரியா நுவேவா தெருவில் மொராக்கோ சாப்பாட்டுக் கடைகளும் டீக்கடைகளும் வரிசையாக இருக்கின்றன. ஆனாலும் ஹலாலா என்று கேட்டுவிட்டே உட்காருங்கள். ஸ்பானியக் கடைகளில் மீன் வறுவல், தேன் ஊற்றிய கத்தரிக்காய், கீரை போட்ட கொண்டைக்கடலை எல்லாம் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். ஆனால் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. தக்காளிக் குளிர்சூப்பின் மேல்கூட ஹமோன் என்ற பன்றித் துண்டுகளைத் தூவித் தருவார்கள். "ஹமோன் வேண்டாம்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். இனிப்புப் பாக்கெட்டில் மந்தேகா என்றிருந்தால் பன்றிக்கொழுப்பு, மந்தேகியா என்றால் வெண்ணெய். பொல்வொரோன் என்கிற மாவுருண்டையை அதனால்தான் தவிர்க்க வேண்டும்.

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் உளூவுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஹோட்டல் கழிப்பறையின் வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவுவது வயதானவர்களுக்கு ஆபத்து, பார்ப்பவர்களுக்கும் சங்கடம். தோல் காலுறையை உளூவோடு அணிந்துகொண்டால் பயணி 3 பகல் 3 இரவு காலைக் கழுவாமல் அதன் மேலேயே மஸஹ் செய்யலாம், அதாவது ஈரக்கையால் தடவிக்கொள்ளலாம். சின்னப் பயணத்துக்கு இது எவ்வளவு பெரிய வசதி! கழிப்பறைகளில் தண்ணீர்க் குழாய் இருக்காது, கைப்பையில் ஒரு பாட்டில் இருக்கட்டும்.

தலைமுக்காட்டோடு தெருவில் நடக்க எங்கேயும் தடை இல்லை. முகத்தை மூடுகிறவர்கள்தான் வழியில் இறங்கும் நாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரான்ஸ், பெல்ஜியம், ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்தில் பொது இடத்தில் அதற்குத் தடைச் சட்டம் உண்டு, அபராதமும் உண்டு.

பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஊரைக் குறைத்தால் இந்தக் குழப்பமும் குறையும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. இனி வெளிநாட்டு ஊர் எதைப் பற்றி எழுதினாலும், எந்த மாதத்தில் போகச் சொல்கிறீர்களோ அந்த மாதத்தின் ஐந்து வேளை நேரத்தையும், பக்கத்தில் உள்ள பள்ளிவாசலின் பெயரையும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகச் சேருங்கள். நான்கு வரி இடம் போதும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கீழக்கரை