லொறிக் கதவில் ‘லிமிட்டெட்’ இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

பெரும்போக அறுவடை நேரம் பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் நெல் வாங்க வருகிற லொறியின் கதவில் ‘பிறைவேட் லிமிட்டெட்’ என்று எழுதியிருந்தால் எங்கள் சனத்துக்கு ஒரு தனி நம்பிக்கை. பெரிய கம்பனி, காசு எங்கே போகப்போகுது என்று மூட்டையைக் கடனுக்கு ஏற்றி விடுகிறார்கள். சட்டப்படி பார்த்தால் அதைக் கண்டதும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கம்பனி பட்ட கடனுக்குக் கம்பனியின் சொத்து மட்டும்தான் பொறுப்பு, பங்குதாரர் தன் பங்குக்குரிய காசைக் கட்டியிருந்தால் அவருடைய வீடு வளவில் நாங்கள் கைவைக்க முடியாது.

இது பழைய கதை. லண்டனில் சலமன் என்ற சப்பாத்து வியாபாரி மனைவி பிள்ளைகளையும் பங்குதாரராகப் போட்டுக் கம்பனி தொடங்கினார், அது முறிந்தது, கடன்காரருக்காக அவரைப் பிடிக்கப் பார்த்தார்கள். கம்பனி வேறு, சலமன் வேறு என்று அப்போது அங்கே கடைசி மேன்முறையீட்டு மன்றாக இருந்த பிரபுக்கள் சபை 1896 இல் தீர்த்துவிட்டது. இங்கே 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரே ஒரு பங்குதாரரோடும் கம்பனி நடத்தலாம். உள்ளே ஒரு மேசையும் றப்பர் முத்திரையும் மட்டும் இருந்தாலும் அது லிமிட்டெட்தான்.

எங்கள் வாய்க்கால் பக்கத்துக் கமக்காரர் சிலர் இப்படித்தான் மாட்டுப்பட்டார்கள். கையிலிருந்த துண்டில் கம்பனி முத்திரையும் நெல் நிறுத்த பொடியனின் கையெழுத்தும். கம்பனி படுத்த பிறகு பார்த்தால் லொறி, முதலாளியின் மனைவி பெயரில், ஆலை வாடகைக்கு எடுத்தது. ஏமாற்றத்தான் நடத்தினார் என்று நிரூபித்தால் பணிப்பாளரைப் பிடிக்கலாம், சரி, ஆனால் இருபது மூட்டைக்கு யார் வழக்குப் பேசப் போகிறார்கள்?

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் மட்டும் பதிந்து தனியாகக் கடை நடத்துகிற சந்திக்கடைக்காரருக்கு இந்த வேலி கிடையாது, கடை பட்ட கடன் அவருடைய சொந்தக் கடன். அவரைத்தான் நாங்கள் நம்புவதில்லை!

லிமிட்டெட் கெட்டது என்று சொல்லவில்லை, புதிதாகத் தொழில் தொடங்கும் எங்கள் பிள்ளைகளின் வீட்டுக் காணியை அது காப்பாற்றும். ஆனால் வங்கிகள் சின்னக் கம்பனிக்குக் கடன் கொடுக்கும்போது பணிப்பாளரின் சொந்தப் பிணையையும் கேட்டு வாங்குகின்றன. நாங்களும் அப்படிக் கேட்கலாம். தனியாளாகக் கேட்கக் கூச்சமென்றால் கமக்காரர் அமைப்பு எல்லோருக்குமாகக் கேட்கட்டும். பணிப்பாளர் தன் பெயரிலும் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்கிற மாதிரி ஒரு துண்டை, சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு எழுதுவித்து, அடுத்த அறுவடைக்கு முதல் உங்கள் விவசாயப் பக்கத்தில் போடுவீர்களா?

கமக்காரர் ஒருவர்,
கிளிநொச்சி