கீபோர்டு வாங்க வர்றதுக்கு முன்னாடி இதக் கொஞ்சம் படிச்சிடுங்க

நம்ம கடை வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

வீட்டு கம்ப்யூட்டருக்கு மெக்கானிக்கல் கீபோர்டு, அதாவது ஒவ்வொரு கீக்கும் அடியில தனித்தனி ஸ்விட்ச் இருக்கற கீபோர்டு, கேட்டு நெறைய பேரு வர்றீங்க, ரொம்ப சந்தோசம். ஆனா போன மாசம் ரெண்டு மூணு பேரு வாங்கின ஒரே வாரத்துல திருப்பிக் கொண்டு வந்தாங்க. கீபோர்டுல ஒரு கோளாறும் இல்ல, அவங்க வீட்டுக்குத்தான் அது ஒத்து வரல. எங்க உக்காந்து டைப் பண்ணப் போறீங்க, பக்கத்துல யாரு இருப்பாங்கன்னு கேக்காமயே எடுத்துக் குடுத்தது எங்க தப்பு, அதனாலதான் இந்த மடல்.

ஒரு தம்பி, வீட்லருந்தே நைட் ஷிஃப்ட் பாக்குறவரு. கடையில தட்டிப் பாக்கும்போது ப்ளூங்கற ஸ்விட்ச் வகையோட டிக் டிக் சத்தம் ரொம்பப் புடிச்சுப்போயி ஆசையா எடுத்துட்டுப் போனாரு. வீட்ல கம்ப்யூட்டர் டேபிளுக்கும் கொழந்த தூங்குற தொட்டிலுக்கும் நடுவுல நாலடி கூட கெடையாது. மூணாம் நாளே வந்துட்டாரு. ரெட் ஸ்விட்ச் மாத்திக் குடுத்தோம், அப்பவும் சத்தம் வருதுன்னு ஃபோன் பண்ணினாரு.

இங்கதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. ப்ளூல ஸ்விட்ச்சுக்குள்ளயே டிக்குனு அடிக்கிறதுக்கு ஒரு சின்ன துண்டு இருக்கு, ரெட்டுல அது இல்ல, அவ்வளவுதான். மிச்ச சத்தம் எல்லாம் கீ கீழ போயி தட்டுறதும் விட்டதும் மேல வந்து முட்டுறதும். மெக்கானிக்கல்ல கீ மொத்தம் 4 மில்லிமீட்டர் எறங்குதுன்னா பாதிதூரம் 2 மில்லிமீட்டர்லயே எழுத்து விழுந்துடும், ஆனா கீக்கு அடியில ரப்பர் வெச்ச பழைய சாதா கீபோர்டுல கடைசி வரைக்கும் அமுக்கினாத்தான் விழும், அதுலயே வருசக்கணக்கா பழகுன கை இதுலயும் அடி வரைக்கும் குத்திக்கிட்டேதான் இருக்கும். அந்தத் தம்பிக்கு கடைசியில சைலன்ட் ரெட் குடுத்தோம், அதுல முட்டுற எடத்துல குட்டியா ரப்பர் வெச்சிருப்பாங்க. கீபோர்டுக்கு அடியில ஒரு கெட்டியான விரிப்பும் போட்டுக்கச் சொன்னோம். இப்ப கொழந்த தூங்குதாம்.

கலர் கணக்கு எல்லாம் செர்ரிங்கற ஜெர்மன் கம்பெனி 1980கள்ல கொண்டு வந்த எம்எக்ஸ் ஸ்விட்ச்ல இருந்து வந்ததுங்க. இப்ப கேட்ரான், அவுட்டெமு மாதிரி சீனா கம்பெனிங்களும் பெரும்பாலும் அதே கலர் பேரத்தான் வெச்சிருக்காங்க. ரெட் தடங்கல் இல்லாம வழுக்கிட்டுப் போகும், 45 கிராம் அழுத்தம் போதும். ப்ரௌன்ல நடுவுல ஒரு சின்ன மேடு விரலுக்குத் தட்டுப்படும். ப்ளூல மேடும் உண்டு, சத்தமும் உண்டு, 60 கிராம் வரைக்கும் அமுக்கணும். தனி ரூம் இருக்கறவங்க, டைப்ரைட்டிங் லோயர் ஹையர் எல்லாம் முடிச்சு ஓங்கி அடிச்சே பழகினவங்க ப்ளூ தாராளமா வாங்கலாம், அவங்களுக்கு லேசான ஸ்பிரிங் குடுத்தா கை சும்மா பட்டாலே எழுத்து விழுந்து கடுப்பாயிடும். எதுவுமே தெரியல, மொத தடவன்னா நாங்க ப்ரௌன் சொல்லுவோம்.

தமிழ்99ங்கற தமிழ் கீபோர்டு அமைப்புல டைப் பண்றவங்ககிட்ட ஒண்ணு தனியா சொல்லணும். அதுல உயிரெழுத்து எல்லாம் இடது கைப்பக்கம், மெய்யெழுத்து பெரும்பாலும் வலதுகைப்பக்கம். ச, ஞ, ந, ய, ண, ழ இத்தனையும் வலது சுண்டுவிரல் தலையிலதான் விழுது, இருக்கற விரல்லயே பலம் கம்மியான விரல் அது. சாயங்காலம் ஆனா சுண்டுவிரல் வலிக்குதுன்னு ஒரு டிடிபி அக்கா சொன்னப்பதான் எங்களுக்கே இது ஒறச்சுது. ஹாட்ஸ்வாப் போர்டா எடுத்தீங்கன்னா சால்டரிங் எதுவும் வேணாம், அந்த ஆறு கீக்கு மட்டும் ஸ்விட்ச்ச புடுங்கிட்டு லேசானதா போட்டுக்கலாம். அந்த அக்காவுக்கு அப்படித்தான் பண்ணிக் குடுத்தோம். ஆனா வெல கம்மியான ஹாட்ஸ்வாப் போர்டு சிலதுல ஒரே கம்பெனி ஸ்விட்ச்தான் உள்ள போகும், கேட்டு வாங்குங்க. அப்புறம் 40 சதவீத சைஸ்னு ரொம்ப குட்டியா வருது பாருங்க, அதுல ச, ஞ இருக்கற பிராக்கெட் கீயே பெரும்பாலும் இருக்காது, தமிழ் அடிக்கறவங்க அந்தப் பக்கமே போக வேணாம்.

டேலி போடுறவங்க, நாள் பூரா நம்பர் அடிக்கறவங்க கண்ண மூடிட்டு 104 கீ ஃபுல் சைஸ் எடுத்துக்கங்க. மத்தவங்களுக்கு நம்பர் பேட் இல்லாத 87 கீ போதும், மவுஸ் கைக்குப் பக்கத்துல வந்துடும், தோளுக்கு நல்லது. கீ மேல இருக்கற மூடி, அதான் கீகேப், பிபிடிங்கற பிளாஸ்டிக்கா இருந்தா நல்லது, ஏபிஎஸ் பிளாஸ்டிக் சீக்கிரமே வழவழன்னு ஆயிடும்.

மெக்கானிக்கல் ஃபீல்னு அட்டையில போட்டு லைட்டு மின்னுற ரப்பர் கீபோர்டு நெறைய வருதுங்க, அது மெக்கானிக்கல் கெடையாது. எந்தக் கடையில வாங்கினாலும் ஒரு கீகேப்ப கழட்டிக் காட்டச் சொல்லுங்க, அடியில ஒவ்வொரு கீக்கும் தனித்தனியா சின்ன டப்பா மாதிரி ஸ்விட்ச் உக்காந்திருந்தா சரி. கலர் கலரா மின்னுற ஆர்ஜிபி லைட்டுக்குக் குடுக்கற காச நல்ல ஸ்விட்ச்சுக்குக் குடுங்க, கொழந்தைங்க லைட்டுதான் வேணும்னு அடம்புடிக்கும், அது வேற விசயம்.

கடையில நாலு போர்டு கம்ப்யூட்டரோட இணைச்சே வெச்சிருக்கோம். நின்னுட்டே நாலு கீயத் தட்டிட்டுப் போயிடாதீங்க, சேர் போட்டிருக்கோம், உக்காந்து தெனமும் நீங்க அடிக்கற மெயிலோ கணக்கோ பத்து நிமிஷம் அடிச்சுப் பாருங்க. முடிஞ்சா உங்க பழைய கீபோர்டையும் கையோட கொண்டு வாங்க. எந்தக் கீ தேஞ்சு எழுத்து அழிஞ்சிருக்குன்னு பாத்தா உங்க விரல் எங்க அதிகமா வேல செய்யுதுன்னு தெரிஞ்சிடும், அதுக்கேத்த ஸ்விட்ச் எதுன்னு சேந்தே பாத்துக்கலாம்.

அன்புடன்,
உங்க கம்ப்யூட்டர் கடை, கோயமுத்தூர்