கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வை

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊர் தெரியும் என்று பார்த்தால் விடுதி அறைதான் தெரிந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே யோகா விரிப்பு முழுதாக விரிய இடமில்லாமல் ஓரம் மடங்கிக் கிடந்தது. மேசைக் காலில் உடற்பயிற்சி ரப்பர் பட்டையைக் கட்டியிருந்தாய். படத்துக்குக் கீழே, "இன்றும் பாதிதான் செய்ய முடிந்தது அம்மா" என்று ஒரு வரி. பரீட்சையில் கோட்டை விட்டவள் எழுதியது போல இருந்தது.

இதற்கா மாதக்கணக்கில் காத்திருந்து விடுப்பு வாங்கி ஊர் சுற்றப் போனாய்?

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. போன வருடம் உடம்பு உன்னைப் படுத்தியபோது இந்த ஒழுங்குதான் உன்னைத் தூக்கி நிறுத்தியது. விட்டால் பழையபடி விழுந்துவிடுவோமோ என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் பழகிய உடம்பு அத்தனை நன்றிகெட்டது அல்ல. இரண்டு மூன்று வாரம் பயிற்சி நின்றாலும் தசையின் வலு பெரிதாகக் குறைவதில்லை. மூச்சுத் திறன் கொஞ்சம் முன்னதாக இறங்கும். மறுபடி தொடங்கினால் அதுவும் மீண்டுவிடும்.

பழக்கமே விட்டுப்போகும் என்பாய். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரும் அவர் குழுவினரும் 96 பேரைக் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்தார்கள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு எதுவும் வரவில்லை. ஒரு நாளும் பத்து நாளும் ஒன்றா என்று மடக்குவாய், நீ என் மகள்தானே. ஒன்றல்லதான். ஆனால் அவர்கள் புதிதாகப் பழகிக்கொண்டிருந்தவர்கள். உனக்கு அது ஊறிப்போன பழக்கம்.

தினமும் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்ற அந்தக் கணக்கு இருக்கிறதே, அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் ஒரு நடைமானியோடு பரவிய எண். சொல்ல எளிது, நினைவில் நிற்கும், அவ்வளவுதான். அதை எட்டுவதற்காக இரவு பதினொரு மணிக்கு விடுதி வராந்தாவில் மேலும் கீழும் நடந்ததாகச் சொன்னாயே, எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தூக்கத்துக்கு உன் கடிகாரம் கொடுக்கும் மதிப்பெண்ணைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது. இருந்தாலும் சொல்கிறேன். புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாகவே இருக்கிறது என்று 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தார்கள். நேர மண்டலம் தாண்டினால், உடம்புக்குள் ஓடும் கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். கிழக்கே போனால் இன்னும் பிடிவாதம் பிடிக்கும். இத்தனையும் நடக்கும்போது கையில் கட்டியிருக்கும் அந்தக் கண்டிப்பான வாத்தியார் என்ன மதிப்பெண் போடுவார்? கழற்றிப் பெட்டியில் வை. பகல் வெளிச்சத்தில் வெளியே சுற்று, பசிக்கும்போது அந்த ஊரில் கிடைப்பதைச் சாப்பிடு. உட்காரத் தோன்றினால் உட்கார்.

ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தைராய்டு மாத்திரை. அது பழக்கம் இல்லை, மருந்து. வெறும் வயிற்றில், ஒரு நாளும் தவறாமல் போட வேண்டும். நேரம் மாறும் ஊர்களில் எப்போது போடுவது என்று உன் மருத்துவரிடம் கேட்டுக்கொள். மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். பெரிய பெட்டி வேறு விமானத்தில் போய்விடுவதுண்டு. மற்றபடி நீ டப்பா டப்பாவாகச் சுமந்து போயிருக்கும் சத்துப் பொடிகள் மூடியபடியே திரும்பி வந்தாலும் எனக்குக் கவலையில்லை.

திரும்பி வரும் விமானம் நீண்ட பயணம் என்றாய். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் கூடுகிறது. ஓரத்து இருக்கையாகக் கேட்டு வாங்கு, அவ்வப்போது எழுந்து நட. எத்தனை அடி நடந்தாய் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

அன்புடன்,
அம்மா