சாமி அறையில் இருந்த ஹாட் டிஸ்க்: ஒரு நன்றி மடல்

எங்கள் வாடிக்கையாளர்களுக்கும், ஸ்ரான்லி வீதி அயல் கடைக்காரருக்கும், கள்ளர் இணையத்தால் புகுந்து எங்கள் கடைக் கணினிகளைப் பூட்டிக் காசு கேட்ட அந்தப் பதினொரு நாளும் எங்களோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

ஓகஸ்ட் 18, திங்கட்கிழமை. நல்லூர்த் திருவிழாக் காலம், கடையில் அரைவாசிப் பேர்தான். காலை ஏழரைக்குக் காசாளர் தங்கச்சி பில் அடிக்கப் போனபோது, கோப்புகளின் பெயருக்குப் பின்னால் விளங்காத எழுத்துகள் ஒட்டியிருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் நாலு கோப்புகளுக்குப் பெயர் மாறியது. என்னைக் கேட்க அவர் மினக்கெடவில்லை. நேரே போய்ச் சுவரில் இருந்த நெற்வேர்க் சுவிச்சின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். கணினிகளை நிற்பாட்டவில்லை, இணைப்பை மட்டும் அறுத்தார். "பேசுவியளோ எண்டு பயந்து பயந்துதான் புடுங்கினனான் ஐயா" என்று பிறகு சொன்னார். அந்தப் பயத்தோடு அவர் செய்த வேலையால்தான் சுன்னாகக் கிளையின் நாலு கணினிகளும் தப்பின. முதல் நன்றி அவருக்கு.

இங்கே சேவரும் ஆறு கணினிகளும் ஒரு கோப்பையும் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிட்டன. திரையில் ஒரு கடிதம்: 72 மணித்தியாலத்துக்குள் 8000 டொலரை பிட்கொயினில் அனுப்பு, தவறினால் இரட்டிப்பு. எங்கள் காசில் ஏறக்குறைய 24 இலட்சம். உண்மையைச் சொல்கிறேன், அன்று பின்னேரம் கட்டிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். சீமெந்துக்காரருக்குக் கொடுத்த செக்குகள் அந்தக் கிழமை வங்கிக்குப் போக இருந்தன.

தடுத்தவர் ரொறன்ரோவில் இருக்கும் மருமகன். இங்கே காலை பத்து என்றால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. நித்திரை முழித்து நாலு இரவு எங்களோடு தொலைபேசியில் இருந்தார். "மாமா, காசு குடுத்தாலும் திறப்பு வரும் எண்டு நிச்சயமில்லை. குடுக்கிற ஆள் எண்டு பேர்தான் வரும்" என்றார். நோ மோர் ரான்சம் என்று யூரோபோலும் நெதர்லாந்துப் பொலிஸும் மற்றவர்களோடு சேர்ந்து 2016 இல் தொடங்கிய தளம் ஒன்று இருக்கிறது. சில வகைப் பூட்டுகளுக்கு அங்கே இலவசமாகத் திறப்பு கிடைக்கும். பூட்டிய கோப்பு இரண்டையும் அந்தக் கடிதத்தையும் ஏற்றிப் பார்த்தார். எங்களுடைய பூட்டுக்கு அங்கே திறப்பு இல்லை. சரி.

அடுத்தது கொக்குவில் தம்பி. தன் வேலையில் நாலு நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். வந்தவர் எதையும் திருத்தவில்லை, சேவரின் டிஸ்க்கை அப்படியே வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுக்கத் தொடங்கினார். அதற்கே ஓர் இரவு போனது. எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டேன். "கள்ளன் எந்த வழியால வந்தவன் எண்டு தெரியாமல் வீட்டைத் திருப்பிக் கட்டி என்ன பிரயோசனம், அங்கிள்?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அந்தச் சத்தத்துக்கு இங்கே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

கள்ளன் வந்த வழியை, யார் எப்போது நுழைந்தது என்று வின்டோஸ் தானே எழுதிவைக்கும் பதிவேட்டிலேயே காட்டினார். 4625 என்ற இலக்கம் வரிவரியாக வந்தது. பிழையான பஸ்வேர்ட் போட்டு நுழையப் பார்த்ததற்கு அடையாளமாம் அது. நாள்கணக்காக, ஆயிரக்கணக்கில். ஓகஸ்ட் 9 அதிகாலையில் ஒரு 4624, அதாவது நுழைந்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன் விலகிப் போன ஒருவரின் கணக்கு, கடைப் பெயரோடு 123 சேர்த்த பஸ்வேர்ட். வாசல் எது? 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கவென்று ரௌட்டரில் திறந்துவிட்ட ரிமோட் டெஸ்க்ரொப், அதாவது தூரத்திலிருந்து கணினியை இயக்கும் வசதி; அதன் வாசல் இலக்கம் 3389. திறக்கச் சொன்னவன் நான். மூடச் சொல்ல மறந்தவனும் நான்தான்.

ஒன்பது நாள் உள்ளே உலாவியிருக்கிறார்கள். அன்ரிவைரஸை நிறுத்தி, வின்டோஸ் தானாக வைத்திருக்கும் பழைய பிரதிகளை அழித்து, சேவரில் எப்போதும் கொழுவியே இருந்த பக்அப் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் பூட்டினார்கள். 2023 ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல்களுக்கே இந்தக் கதி வந்து, பிரதி எடுக்காமல் விட்ட மே முதலான மடல்கள் போனது போனதுதான் என்று மருமகன் சொன்னபோது எனக்குக் கை கால் ஓடவில்லை.

அப்போதுதான் கோப்பாயிலிருந்து எங்கள் பழைய கணக்காளர் ஐயா சைக்கிளில் வந்தார். பையில் ஒரு ஹாட் டிஸ்க், அதன்மேல் திருநீறு. ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரு பிரதி எடுத்துப்போய்த் தன் வீட்டுச் சாமி அறையில் வைப்பது அவர் வழக்கம். கடையில் எல்லோரும் அதைப் பகிடி பண்ணியிருக்கிறோம். ஜூலை 31 வரையான கணக்கு முழுவதும் அதில் இருந்தது.

கணினிகள் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றினோம். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம், கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் (CERT) 101 இலக்கத்துக்கும் அறிவித்தோம். பக்கத்துப் பெயின்ற் கடை அண்ணை தன் இன்ரநெற்றையும் ஒரு மேசையையும் தந்தார். பதினொரு நாளும் தேத்தண்ணீரும் அவர் செலவு. கொழும்பு விநியோகஸ்தர்கள் ஓகஸ்ட் மாத இன்வொய்ஸ்களைத் திரும்ப அனுப்பியதோடு, செக்குகளையும் இரண்டு கிழமை தள்ளிப் போட்டார்கள்.

ஆனால் ஓகஸ்ட் முதல் பதினேழு நாள் கடன் விற்பனை? 2022 இல் கடதாசித் தட்டுப்பாடு வந்தபோது பில்லின் இரண்டாம் பிரதியை நிறுத்தினோம், பிறகு தொடங்கவேயில்லை. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது வாங்கியவர்களின் சட்டைப்பையில் மட்டும்தான் இருந்தது. வாசலில் பலகை எழுதி வைத்தோம்: பில்லைக் கொண்டுவாருங்கள். முதல் நாள் ஆறு பேர். வெள்ளிக்கிழமை கொந்தராத்துக்காரரும் மேசன்மாரும் வரிசையில் நின்றார்கள். பில் தொலைந்தவர்கள் கொப்பியில் எழுதி வைத்த கணக்கைக் காட்டினார்கள். அதுவும் இல்லாதவர்கள் வாயால் சொன்னார்கள், நாங்கள் எழுதிக்கொண்டோம். பிறகு இருப்பை எண்ணி ஒத்துப் பார்த்தால் துண்டு விழுந்தது 43,000 ரூபா. அதில் எங்கள் எண்ணல் பிழை எவ்வளவோ யாருக்குத் தெரியும்.

உங்கள் பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் அந்தக் கள்ளர் பார்த்திருக்கக்கூடும். கடையின் பெயரில் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று யாராவது செய்தி அனுப்பினால் நம்பவேண்டாம், எங்கள் கணக்கு மாறவில்லை.

கடைசியாக, வேலணையிலிருந்து மழையில் நனைந்த பில்லோடு வந்த மேசன் அண்ணைக்கு. எழுத்து அழிந்துபோய் நீங்கள் சொன்ன தொகையையே எழுதினோம். இருப்பு எண்ணியபோதுதான் தெரிந்தது, நீங்கள் கூடச் சொல்லிக் கட்டியிருக்கிறீர்கள். 350 ரூபா உங்கள் பெயர் எழுதிய கவரில் லாச்சிக்குள் இருக்கிறது. அடுத்தமுறை ரவுணுக்கு வரும்போது வாங்கிக்கொண்டு போங்கோ.