'ஏன்' என்று ஒரு வரி: பொது அறிவுக் கேள்வி தொகுப்போருக்குத் திறந்த மடல்

பொது அறிவுப் புத்தகம் தொகுப்பவர்களுக்கும், வினாடி வினா மேடையில் கேள்வி கேட்பவர்களுக்கும், 'உங்களுக்குத் தெரியுமா?' என்று பக்க ஓரத்தில் கட்டம் கட்டித் துணுக்குப் போடுபவர்களுக்கும் வணக்கம்.

நான் உங்கள் கேள்விகளைப் படித்தே வளர்ந்தவன். தலைநகரங்களையும் நாணயங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பருவம் எனக்கும் இருந்தது. அந்த உரிமையில்தான் இந்தக் குறையைச் சொல்கிறேன்.

ஒரு போட்டியின் கடைசிச் சுற்று. 'உலகிலேயே உயரமான மலை எது?' என்றார் நடத்துநர். முதலில் பஸரை அழுத்தியவன் நான். 'எங்கிருந்து அளந்து?' என்று கேட்டேன். அரங்கம் சிரித்தது. அவர் கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்திருக்க வேண்டும். கேள்வி அடுத்த அணிக்குப் போனது, அவர்கள் 'எவரெஸ்ட்' என்றார்கள், மதிப்பெண்ணும் போனது.

தோற்றதில் வருத்தம் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது.) ஆனால் அந்த அட்டையில் இடம் கிடைக்காமல் போனவற்றைப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்தான், 8,849 மீட்டர். அடிவாரத்திலிருந்து உச்சிவரை அளந்தால் ஹவாயின் மௌனா கேயா முந்திவிடும். அது வெளியே காட்டுவது 4,207 மீட்டர். மீதியெல்லாம் கடலுக்குள் இருக்கிறது. மொத்தம் 10,000 மீட்டரைத் தாண்டும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் விடை ஈக்வடாரில் உள்ள சிம்போராசோ. கடல் மட்டக் கணக்கில் இது வெறும் 6,263 மீட்டர். எவரெஸ்டுக்கு முன் குள்ளன். ஆனால் பூமி சரியான பந்து இல்லை, இடுப்பில் சதை போட்ட உருண்டை. துருவத்தில் இருப்பதைவிட நடுக்கோட்டில் ஆரம் 21 கிலோமீட்டர் அதிகம். சிம்போராசோ அந்தத் தொந்தியின் மேல் நிற்கிறது. அதனால் அதன் உச்சி, மையத்திலிருந்து எவரெஸ்டைவிடச் சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு சொல் விடைக்குள் மூன்று மலைகள் ஒளிந்திருந்தன; ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் துரத்திவிட்டீர்கள்.

வெள்ளிக் கோளுக்கும் இதே கதிதான். 'வெள்ளியில் ஓர் ஆண்டைவிட ஒரு நாள் நீளம்' என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. தன்னைத்தானே ஒருமுறை சுற்ற அதற்கு 243 பூமி நாட்கள் ஆகின்றன. சூரியனைச் சுற்ற 225 நாட்கள் போதும். கணக்கு சரி. ஆனால் நாள் என்றால் நமக்கு ஒரு விடியலிலிருந்து மறு விடியல் வரை. வெள்ளி எதிர்த்திசையில் சுழல்வதால் அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும். அடுத்த உதயம் சுமார் 117 நாளில் வந்துவிடும். அந்தக் கணக்கில் ஆண்டைவிட நாள் சிறியது. 'தற்சுழற்சி' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் துணுக்கு பிழைத்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி தகர டப்பா பற்றியது. உணவை டப்பாவில் அடைக்கும் முறைக்குப் பிரிட்டனில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை பெற்றது 1810இல். அதைத் திறப்பதற்கென்றே ஒரு கருவி வந்தது 1850களில். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் திறப்பான் இல்லாத டப்பா! இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள், அந்தக் காலத்து ஆட்கள் மடையர்கள் என்பதுபோல. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு அடங்கும். முதல் டப்பாக்கள் தடித்த இரும்புத் தகட்டில் வெள்ளீயம் பூசிச் செய்தவை. உளியும் சுத்தியலும் கொண்டு மேல்விளிம்பை ஒட்டி வெட்டச் சொல்லும் குறிப்பு டப்பாவிலேயே இருக்கும். சிப்பாய்கள் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தித் திறந்தார்கள். கையால் திருகி வெட்டும் கருவிக்கு அந்த இரும்பு இணங்காது. தகடு மெலிந்த பிறகுதான் திறப்பானுக்கு வேலையே வந்தது.

ஃபேக்ஸும் அப்படித்தான். தொலைபேசிக் காப்புரிமை 1876. படத்தைக் கம்பிவழி அனுப்பும் கருவிக்கு அலெக்சாண்டர் பெய்ன் காப்புரிமை பெற்றது 1843. முன்பின் மாறியதுபோலத் தோன்றும். ஆனால் எழுத்தையோ கோட்டுப் படத்தையோ அனுப்ப 'மின்சாரம் உண்டு, இல்லை' என்ற இரண்டு நிலை போதும். தந்திக் கம்பி அதைத்தான் செய்துகொண்டிருந்தது. குரலுக்கோ ஏறி இறங்கும் மின்னோட்டம் வேண்டும். அது கடினமான வேலை.

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பது குழந்தைக்கும் தெரியும். இரண்டு இதயங்கள் செவுளுக்கு இரத்தம் தள்ளுகின்றன, மூன்றாவது உடம்புக்குத் தள்ளுகிறது, நீந்தும்போது அந்த மூன்றாவது நின்றுவிடுகிறது. அதனால்தான் அது நீந்துவதைவிடத் தவழ்வதையே விரும்புகிறது. இதை எத்தனை புத்தகத்தில் போட்டீர்கள்?

இதுவரை சொன்னவை அரைகுறைகள். அழுகியவை வேறு உண்டு.

பள்ளியில் நாக்கின் படம் வரைந்து பாகம் குறித்தோம். நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், அடிநாக்கில் கசப்பு. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று, விரலில் சர்க்கரை ஒற்றி அடிநாக்கில் தடவிப் பார்த்தேன். குமட்டியது. இனிக்கவும் செய்தது. என் நாக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து யாரிடமும் மூச்சுவிடவில்லை. தேர்வில் 'கசப்பு' என்றே எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். பல ஆண்டு கழித்துத்தான் கதை தெரிந்தது. 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் வெவ்வேறு இடங்களில் சுவையுணர்வை அளந்தார். இடத்துக்கு இடம் வேறுபாடு மிகச் சிறிது என்றே கண்டார். 1942இல் எட்வின் போரிங் என்ற உளவியலாளர் தம் நூலில் அந்த முடிவுகளை மறுபடி வரைபடமாக்கியபோது அளவு தெளிவாக இல்லை. 'சற்றுக் குறைவு' என்பதைப் பின்னால் வந்தவர்கள் 'அறவே இல்லை' என்று படித்துக்கொண்டார்கள். சுவை மொட்டு உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையையும் அறியும். ஒரு சிட்டிகை சர்க்கரையில் உடையக்கூடிய பொய் பல பதிப்புகள் கண்டது.

நிலவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பதையும் தயவுசெய்து கைவிடுங்கள். மனிதன் விண்ணுக்குப் போவதற்கு இருநூறு ஆண்டு முன்பே, 1754இல், வில்லியம் ஸ்டூக்லி என்ற ஆங்கிலேயர் இப்படி ஒரு ஊகத்தைக் கடிதத்தில் எழுதினார். போய்ப் பார்த்தவர் சொன்னது வேறு: 2003இல் பூமியைச் சுற்றி வந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவெய், சுவர் தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். நிலவு அதைவிட எவ்வளவோ தூரம். ஆறு மீட்டர் அகலச் சுவரை 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பது, ஒற்றைத் தலைமயிரை நான்கு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதுபோல.

நெப்போலியன் குள்ளனும் இல்லை. 5 அடி 2 அங்குலம் என்று குறித்தது பிரெஞ்சு அங்குலத்தில். அது ஆங்கில அங்குலத்தைவிடப் பெரிது. மாற்றிப் பார்த்தால் சுமார் 168 சென்டிமீட்டர், அந்தக் காலத்துக்கு நடுத்தர உயரம்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறீர்களா? விடைக்குக் கீழே 'ஏன்' என்று ஒரு வரி. அளவு சொன்னால் எங்கிருந்து, எந்த அலகில் என்று ஒரு சொல். மாறக்கூடிய விடையானால் பக்கத்தில் ஆண்டு. புளூட்டோவை நினைத்துப் பாருங்கள்: 1930இல் கண்டுபிடித்தார்கள், 2006இல் கோள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். சூரியனைச் சுற்ற அதற்கு 248 ஆண்டு ஆகும். நாம் கண்ட பிறகு ஒரு சுற்றைக்கூட முடிக்காத அப்பாவியைக் கோளாக்கி, பதவியும் பறித்தாயிற்று. 'கோள்கள் ஒன்பது' என்று அச்சடித்த புத்தகமோ இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

இடமில்லை என்பீர்கள். பத்தாயிரம் கேள்வியை ஐயாயிரமாக்குங்கள். அட்டையில் '10,000 கேள்விகள்' என்று போட முடியாதுதான். அந்த இழப்பை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

மாதிரிக்கு ஒன்று தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிரான்சின் மிக நீளமான நில எல்லை எந்த நாட்டோடு? விடை: பிரேசில். ஏன்: தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானா பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட பகுதி, அங்கே பிரேசிலோடு உள்ள எல்லை சுமார் 730 கிலோமீட்டர். ஸ்பெயினோடு உள்ளது அதைவிடச் சுமார் நூறு கிலோமீட்டர் குறைவு.

பக்கம் போதாவிட்டால் கேள்வியின் எழுத்தளவைச் சிறிதாக்குங்கள். அந்த மூன்றாவது பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
'எங்கிருந்து அளந்து?' என்று கேட்டுத் தோற்றவன்