பெரிய வியாழன்: பாதம் கழுவும் சடங்கு

அன்பு உறவுகளே,

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் மறையுரை முடிந்ததும் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். வருமுன் எல்லாரும் யோவான் 13:1-17 பகுதியை நிதானமாக வாசியுங்கள். இயேசு பந்தியிலிருந்து எழுகிறார், மேலுடையைக் கழற்றுகிறார், துண்டை இடுப்பில் கட்டுகிறார், தண்ணீரை அவரே ஊற்றுகிறார், சீடர்களின் பாதங்களைக் கழுவி அவரே துடைத்தும் விடுகிறார். எந்த வேலையையும் அடுத்தவரிடம் தள்ளவில்லை. யூதாசு வெளியேறுவது 30ஆம் வசனத்தில்தான். ஆக, காட்டிக்கொடுக்கப் போகிறவரின் காலையும் கழுவினார். பேதுரு மறுத்தது பணிவு போலத் தெரியும், ஆனால் இயேசு அதை ஏற்கவில்லை. பிறர் செய்யும் பணிவிடையை ஏற்கவும் பணிவு வேண்டும்.

அதனால், பாதம் கழுவப்படுவோர் பட்டியலுக்கு அன்பியங்கள் (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்கள்) தங்கள் பொறுப்பாளர்களின் பெயரையே ஆண்டுதோறும் கொடுக்க வேண்டாம். 2016 முதல் பெண்களுக்கும் திருச்சபை இடம் தந்திருக்கிறது. முதியோர், நோயாளிகள், இளையோர் எல்லாரும் இருக்கட்டும்.

துண்டு ஆளுக்கு ஒன்று. புதுத் துண்டு ஈரத்தை உறிஞ்சாது, முன்பே ஒருமுறை அலசி உலர்த்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஆளுக்கு அரை லிட்டர், 12 பேருக்கு 6 லிட்டர் போதும். நாலு பேருக்கு ஒருமுறை பேசினைக் காலி செய்யுங்கள்; நிரம்பினால் சிந்தி, தரை வழுக்கும். நாற்காலிகளுக்கு முன் சாக்கு விரியுங்கள். சர்க்கரை நோயால் காலில் புண் இருப்பவர்கள் தயங்காமல் முன்பே சொல்லுங்கள். வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, பவுடர் போட்டு வரவேண்டியதில்லை. படம் எடுக்க யாரும் முன்னால் வந்து நிற்க வேண்டாம்.

பெயர்களைக் குருத்து ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் கொடுங்கள்.