கோடிக் கணக்கு போதும், கிலோக் கணக்கு போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி, பக்ரீத், பொங்கல் நெருங்கினால் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். எட்டயபுரம், செஞ்சி, அய்யலூர், மேலப்பாளையம் என ஏதாவது ஒரு சந்தையில் இத்தனை கோடி ரூபாய்க்கு ஆடுகள் விற்பனை, ஒரு ஜோடி இவ்வளவுக்குப் போனது, வியாபாரிகள் மகிழ்ச்சி. பக்கத்தில் கொம்பு பெருத்த கிடா ஒன்றின் படம். அதைப் படித்த சூட்டோடு பத்து இருபது குட்டிகளைப் பிடித்துக் கொட்டிலில் கட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நூறு நாள் கழித்துக் கையைச் சுட்டுக்கொண்டு, தீவன விலை கெடுத்துவிட்டது என்கிறார்கள். பல பேருக்குக் கெடுத்தது தீவனம் அல்ல, குட்டி பிடித்த அன்றைய விலை.

அந்தச் செய்தியில் வளர்ப்பவனுக்கு உதவும் ஒரே எண் இருப்பதில்லை: உயிர் எடையில் கிலோ என்ன விலை? முட்டைக்கு நாமக்கல் விலை அன்றாடம் வெளியாகிறது. கறிக்கோழிக்குப் பல்லடத்தில் உயிருடன் கிலோ இவ்வளவு என்று அன்றாடம் வெளியாகிறது. பருத்திக்கும் நிலக்கடலைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் குவிண்டால் விலை சொல்கிறார்கள். ஆட்டுக்கு மட்டும் ஜோடியும் கோடியும். ஜோடி என்றால் 20 கிலோவா, 60 கிலோவா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்கு வைத்தவைதான். அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம். பால் மறந்த 12 கிலோ செம்மறிக் கிடாக்குட்டி, கிலோ 420 ரூபாய் வீதம் 5,040 ரூபாய். நூறு நாள் கொட்டிலில் வைத்து நாளுக்கு 120 கிராம் ஏறினால் 24 கிலோ. அடர்தீவனம் (தானியமும் புண்ணாக்கும் தவிடும் கலந்தது) நாளுக்குச் சராசரி 350 கிராம், நூறு நாளைக்கு 35 கிலோ. கிலோ 31 ரூபாய் என்றால் 1,085. பசுந்தீவனத்துக்கும் கடலைக்கொடிக்கும் நாளுக்கு 5 ரூபாய் வீதம் 500. தடுப்பூசி, புழுமருந்து, வண்டி வாடகை, சந்தைச் சுங்கம் 250. நூற்றுக்கு நான்கு குட்டி சாகும் என்று வைத்து 200. போட்ட பணத்துக்கு நூற்றுக்கு 12 வட்டி, நூறு நாளைக்கு 165. ஆக மொத்தம் 7,240. விற்கும்போதும் கிலோ 420 கிடைத்தால் 10,080. ஆள்கூலிக்கும் கொட்டிலுக்கும் மிஞ்சுவது 2,840 ரூபாய்.

அதே குட்டி, அதே தீவனம், அதே 24 கிலோ. பண்டிகைச் செய்தியைப் பார்த்து எல்லோரும் குட்டி தேடும்போது கிலோ 560 கொடுத்துப் பிடித்து, புரட்டாசியில் 360க்கு இறக்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு 6,720, தீவனமும் மற்றச் செலவும் மாறவில்லை, சாவுக் கணக்கும் வட்டியும் ஏறி 490. மொத்தம் 9,045. கைக்கு வருவது 8,640. கூலி போடாமலேயே 405 ரூபாய் நட்டம். தீவனச் செலவில் கால்பங்கை மிச்சம் பிடித்தாலும் 396 ரூபாய்தான் தேறும். அந்த ஓட்டையை அடைக்க அதுவும் போதாது.

கிடா வளர்ப்பில் இரண்டு லாபம் உண்டு. கொட்டிலில் ஏறிய 12 கிலோவில் வருவது தீவன லாபம். மேலே உள்ள கணக்கில் ஒரு கிலோ ஏற்றத் தீவனச் செலவு 132 ரூபாய்தான். விற்பது 360க்கு என்றாலும் அதில் இடிக்காது. இரண்டாவது, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் வருவது. இடிப்பது அங்கேதான், சந்தையில் பிடித்த முதல் 12 கிலோவில். அதைக் கிலோ 560க்கு வாங்கி 360க்கு விற்றால் 2,400 ரூபாய் அங்கேயே கரைந்துவிடும். குட்டிக்குக் கிலோ விலை எப்போதும் பெரிய கிடாவைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அது நியாயம். எவ்வளவு கூட இருக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் கிலோ விலை வேண்டும் என்கிறோம்.

பக்ரீத் விலையைப் பார்த்துக் குட்டி பிடிப்பது இன்னும் பெரிய தவறு. குர்பானிக்குப் பல் பார்ப்பார்கள். வெள்ளாடு என்றால் ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். இரண்டு பல் போட்டிருந்தால்தான் வாங்குபவருக்கு நிம்மதி. கண், கால், காது, கொம்பு எதிலும் ஊனம் கூடாது. நூறு நாள் கொட்டிலில் இருந்த வெள்ளாட்டுக் குட்டிக்கு அப்போது ஏழு மாதமோ எட்டு மாதமோதான் ஆகியிருக்கும். கறிக்கடைக்குப் போகலாம், குர்பானிச் சந்தையில் அந்த விலை கிடைக்காது. பக்ரீத் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்வதையும் கணக்கில் வைக்க வேண்டும். 2023இல் ஜூன் 29, 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. போன வருடம் பிடித்த தேதியிலேயே இந்த வருடமும் பிடித்தால் கிடா தயாராவதற்குள் பண்டிகை போய்விடும். ஆடியில் கிடா வெட்டுக்கு வேறு கணக்கு: கருப்புக் கிடா, தழும்பு இல்லாதது, காயடிக்காதது என்று நேர்த்திக்கடனுக்கு ஏற்றபடி கேட்பார்கள். அங்கே விலையைத் தீர்மானிப்பது எடை அல்ல, நிறம். கறிக்கடை, குர்பானி, நேர்த்திக்கடன் என்ற இந்த மூன்று விலையையும் ஒரே தலைப்பில் கொட்டி ‘ஆடு விலை கிடுகிடு’ என்று எழுதினால் படிப்பவனுக்கு என்ன புரியும்?

சாதாரணக் கறிக்கிடாவின் விலை ஏறி இறங்குவது பெரும்பாலும் நாட்காட்டியிலேயே தெரியும். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்தால் கறிக்கடையில் கூட்டம் குறையும். தீபாவளிக்கு ஏறும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களால் மறுபடி தளரும். பொங்கலை ஒட்டிக் கடைகளில் வரிசை நிற்கும். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, புரட்டாசி முடிந்த மூன்றாம் நாளே வந்துவிட்டது. 2026இல் நவம்பர் 8. இந்த இடைவெளி வருடா வருடம் மாறுவதால், தீபாவளியிலிருந்து நூறு நாள் பின்னோக்கி எண்ணித்தான் குட்டி பிடிக்க வேண்டும். கோடையில் மேய்ச்சல் காய்ந்து பட்டிக்காரர்கள் குட்டிகளைத் தள்ளிவிடும் வாரங்களில் தீவனம் கையில் வைத்திருப்பவர்தான் மலிவாகப் பிடிக்கிறார்.

சந்தையில் எடை மேடை இல்லாத இடத்தில் பேரம் எப்படி நடக்கிறது என்பது தெரிந்ததே. தரகர் துண்டைப் போட்டு, அதன் மறைவில் விரலைப் பிடித்து விலை சொல்வார், அல்லது முதுகைத் தடவிப் பார்த்து ‘பதினோரு கிலோ கறி விழும்’ என்பார். தழை மட்டும் மேய்ந்த மெலிந்த ஆட்டில் உயிர் எடையில் நூற்றுக்கு 42, நன்றாகத் தேறியதில் 47, 48 வரை கறி விழும். அதனால்தான் கறிக்கடை விலை உயிர் எடை விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக இருக்கிறது. முதல் நாள் இரவு உப்புத் தீனி வைத்து விடிகாலையில் தண்ணீர் காட்டினால் 12 கிலோ குட்டியில் அரைக் கிலோ கூடத் தெரியும். அது 210 ரூபாய்க்குத் தண்ணீர். வண்டி ஏறி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சிறுநீராகப் போய்விடும். விலாவுக்குப் பின்னால் இடது பக்கம் பறை மாதிரி விம்மியிருந்தால் எடையில் கொஞ்சம் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

தராசு இல்லையென்றால் தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம், தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பு முனை வரை எத்தனை அங்குலம் என்று அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 26, நீளம் 23 என்றால் 23.6 கிலோ. ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே போகும். கண் மதிப்பைவிட மேல். 50 கிலோ தொங்கு தராசும் ஒரு சாக்குத் தொட்டிலும் இருந்தால் நாடாவும் வேண்டாம்.

இனி, ஏறும் 12 கிலோ ஏறாமல் போவது ஏன்? நாளுக்கு 250 கிராம் ஏறும் என்று காணொலிகளில் சொல்வதை மேச்சேரிச் செம்மறியிடமோ வேம்பூர்ச் செம்மறியிடமோ எதிர்பார்க்கக் கூடாது. நல்ல அடர்தீவனத்தில் 100 முதல் 150 கிராம் என்றால் நம் நாட்டு இனங்களுக்கு நல்ல வளர்ச்சி. அடர்தீவனம் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 45, கடலைப் புண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 16, உளுந்து அல்லது துவரைப் பொட்டு 15, தாது உப்பு 2, சுண்ணாம்புத் தூள் 1, உப்பு 1. இதில் புரதம் ஏறத்தாழ 17 விழுக்காடு வரும். பூசணம் பிடித்த புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று மழைக்காலத்தில் வாங்கவே கூடாது.

வந்த குட்டிக்கு முதல் மூன்று நாள் உலர்தீவனமும் நல்ல தண்ணீரும் மட்டும். பிறகு புழுமருந்து. அடர்தீவனம் 50 கிராமில் ஆரம்பித்து மூன்று நாளைக்கு ஒரு முறை 50 கிராம் கூட்டி, மூன்று வாரத்தில் 400 கிராமுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு முதல் வாரமே அரைக் கிலோ கொட்டினால் வயிறு புளித்துவிடும். குட்டி அசைபோடாது, பல்லைக் கடிக்கும், புளித்த நாற்றத்துடன் தண்ணீராகக் கழியும். ஆப்பச்சோடா 10 கிராம் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது முதலுதவி மட்டுமே. மருத்துவர் பார்க்க வேண்டும். துள்ளுமாரி நோய் இன்னும் மோசம். கொழுகொழுவென்று வளரும் குட்டியைத்தான் தேடிப் பிடிக்கும். இரவு தின்ற குட்டி விடியும்போது செத்துக் கிடக்கும். அதற்கான தடுப்பூசியையும் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியையும் அடர்தீவனத்தைக் கூட்டி முடிப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். புதுக் குட்டிகளைப் பழைய பட்டியோடு மூன்று வாரம் சேர்க்காமல் வைப்பது, கொட்டில் சின்னதாக இருந்தாலும் முடியும்.

கிடாக்களுக்கே உரிய தொல்லை நீர் அடைப்பு. தவிடு மலிவு என்று அதையே அள்ளிப் போட்டால் பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்து கூடி, சுண்ணாம்புச் சத்து குறைந்து, சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். கிடா முதுகை வளைத்து நின்று முக்கும், சொட்டுச் சொட்டாக விடும். பார்ப்பவர் மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் ஊற்றுவார். இரண்டு நாளில் நீர்ப்பை வெடித்துவிடும். சுண்ணாம்புத் தூள் சேர்ப்பது இதற்காகத்தான். 100 கிலோ தீவனத்துக்கு அம்மோனியம் குளோரைடு 500 கிராம் கலந்தால் கல் சேருவது குறையும். இன்னொன்று: கடையில் மாட்டுக்கு விற்கும் தாது உப்பைச் செம்மறிக்கு வைக்கக் கூடாது. அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் கண் மஞ்சளாகி காப்பி நிறத்தில் சிறுநீர் போகும். அப்போது செய்வதற்கு அதிகமில்லை.

கொட்டிலில் வைத்துத் தேற்றுவதை எப்போது நிறுத்துவது என்பது முதுகைத் தொட்டாலே தெரியும். கடைசி விலாவுக்குப் பின்னால் விரல் வைக்கும்போது முதுகெலும்பு முள் முள்ளாகத் தட்டினால் இன்னும் வைக்கலாம். முள் தட்டாமல் உருண்டு இருந்தால் அதற்கு மேல் ஏறுவது கொழுப்பு. தின்னும் தீவனம் கூடும், ஏறும் எடை குறையும், கறிக்கடைக்காரரும் கொழுப்புக்குக் கழித்துத்தான் விலை வைப்பார்.

தேர்தல் நேரத்தையும் சொல்ல வேண்டும். கையில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் கொண்டுபோனால் பறக்கும் படை பிடிக்கும். நாம் போட்ட கணக்கில் ஐந்து கிடா விற்ற பணமே அதைத் தாண்டிவிடுகிறது. வெளியூர் வியாபாரி வரத் தயங்கினால் அந்த வாரங்களில் விலை இறங்கத்தான் செய்யும். சந்தையில் எடைச் சீட்டும் விற்பனைச் சீட்டும் கொடுத்தால் அதையே ஆவணமாகக் காட்டலாம். மாட்டுச் சந்தையிலும் இதே கதைதான். பொள்ளாச்சிக்குக் கேரள வியாபாரிகள் ஒரு வாரம் குறைந்தால், பால் வற்றிய மாட்டை ஒன்றரை மாதம் தேற்றிக் கொண்டுவந்தவர் தேற்றிய செலவைக்கூட எடுக்க முடியாது. அவருக்கும் கிலோ விலை என்று ஒன்றை யாரும் சொல்வதில்லை.

எனவே தங்கள் நாளிதழில் சந்தைச் செய்தி வரும்போது 15 கிலோவுக்குக் கீழே, 15 முதல் 20, 20க்கு மேல் என்று மூன்று நிலையில் உயிர் எடைக் கிலோ விலையையும், செம்மறியா வெள்ளாடா என்பதையும், விற்காமல் திரும்பிய ஆடுகளின் எண்ணிக்கையையும் போடுங்கள். பண்டிகை வாரம் மட்டுமல்ல, புரட்டாசியிலும் போடுங்கள். சுங்கம் வசூலிக்கும் ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் வாசலில் ஓர் எடை மேடை வைத்தால் எண் தானாகவே கிடைக்கும். அதுவரை, செய்தியாளர் ஒரு தொங்கு தராசோடு வந்து பத்து ஆட்டை நிறுத்துப் பார்த்தாலும் போதும். ஆனால் வெயில் ஏறிய பிறகு வரக் கூடாது. நல்ல பேரமெல்லாம் விடிவதற்கு முன்னாலேயே முடிந்து, அப்போது நிற்பது கழித்துவிட்ட ஆடுகள்தான்.

இப்படிக்கு,
கிடா வளர்ப்போர் சிலர்,
வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.